தனியும் முதல் பந்தியும்

போர்த்துகிறார்கள், இன்னும் போர்த்துகிறார்கள், மஞ்சளும் பச்சையுமாய்ச் சரிகை பளபளக்கிறது, போர்த்துகிறவர் கேமராவைப் பார்க்கிறார், போர்த்தப்படுகிறவரும் கேமராவைப் பார்க்கிறார், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க இந்த மேடையில் யாருக்கும் நேரமில்லை, நான் ஓரத்தில் ஜமுக்காளத்தின் மேல் சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருதிப்பெட்டியில் கையை வைத்துக்கொண்டு, இவர்களெல்லாம் எப்போது இறங்கித் தொலைவார்கள் என்று பார்த்திருக்கிறேன், என் வலது பக்கம் என் தம்பி நெல்லைநாயகம், மிருதங்கத்தைத் தொடையோரம் சாய்த்துவைத்து, இடது கையைத் துண்டுக்கு அடியில் ஒளித்துக்கொண்டு, மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தபடி இருக்கிறான், அந்தக் கையைத்தான் போன வருஷம் பக்கவாதம் வந்து இழுத்துப் போட்டது, அது முழுதாய்த் திரும்பி வந்ததா, பாதி வந்ததா, மேடையில் நிற்குமா என்பது இன்று காலை தெரிந்துவிடும், பெரிய பாட்டு முடிந்ததும் நானும் வயலினும் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கு மட்டும் மேடையை விட்டுக்கொடுப்போமே, அந்தத் தனி ஆவர்த்தனம், அதை அவன் வாசித்து முடிக்க வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், மற்றபடி இந்த விழாவும் இந்தச் சபையும் எக்கேடு கெட்டால் எனக்கென்ன.

இந்த வாரம் முழுக்க ஊரில் கலைவிழா, ஜங்ஷனிலிருந்து வண்ணார்பேட்டை வரைக்கும் ஒரு சுவர் மிச்சமில்லை, கலையால் ஒன்றிணைவோம் என்று ஒட்டியிருக்கிறார்கள், முதல் நாள் பட்டிமன்றம், கலையை வளர்ப்பது கலைஞனா ரசிகனா, நடுவர் தன் பெண்டாட்டியைப் பற்றிச் சொன்ன நகைச்சுவையை நான் கல்லூரியில் படிக்கும்போதே கேட்டிருக்கிறேன், அப்போது சொன்னது வேறு நடுவர், வேறு பெண்டாட்டி, சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு, மறுநாள் நூல் வெளியீடு, வாழ்த்த வந்தவர் புத்தகத்தைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை ஆனால் அட்டை அருமையாக இருக்கிறது என்று முக்கால் மணி நேரம் பேசினார், எழுதியவன் கண்கலங்கி அவர் காலில் விழுந்தான், அப்புறம் கவியரங்கம், கைதட்டல் வரவில்லையென்றால் அதே வரியைத் திரும்பச் சொல்லுவார்கள், வரும்வரை சொல்லுவார்கள், பிறகு மைதானத்தில் பள்ளிப் பிள்ளைகளின் உலகசாதனை நடனம், முகத்தில் அப்பிய பவுடர் வியர்வையில் வழிய அந்தக் குழந்தைகள் வெயிலில் நிற்க, பந்தலுக்கு அடியில் பெரியமனிதர்கள் இளநீர் குடித்துக்கொண்டு கலையை வளர்த்தார்கள், கோலப்போட்டிக்கு நடுவராக வந்தவர் கோலத்தின் மேலேயே நடந்து போய்த்தான் அடுத்த கோலத்தைப் பார்த்தார், இது எல்லாவற்றுக்கும் நான் போனேன், ஏன் போனேன் என்று நாயகம்கூடக் கேட்டான், இவ்வளவு வெறுக்குத, பின்ன எதுக்கு ஒண்ணு விடாமப் போற, நான் சொன்னேன், நேர்ல பாத்தாத்தானல திருத்தமா வைய முடியும்.

வைவது எனக்குக் கைவந்த வேலை, முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், பிரார்த்தனைப் பாட்டைக்கூடச் சுருதி விலகிப் பாடினால் தலைமையாசிரியை முன்னாலேயே நிறுத்தச் சொல்லுவேன், ஒருமுறை பெரிய பேர் எடுத்த பாடகி ஒருத்தி இந்த ஊருக்கு வந்திருந்தாள், தனியை முடிக்கும்போது மிருதங்கக்காரர் தாளத்தில் ஓர் எண்ணிக்கை பிசகி வந்து விழுந்தார், அவள் என்ன செய்தாள் தெரியுமா, சத்தமில்லாமல் தன் தாளத்தை மாற்றிப் போட்டு அவர் விழுந்த இடமே சரியான இடம் என்பதுபோல் பாட்டை எடுத்துக்கொண்டாள், சபை கைதட்டியது, நான் முதல் வரிசையிலிருந்து எழுந்து, இது பாட்டு இல்லம்மா, களவு, என்று எல்லோர் காதிலும் விழச் சொல்லிவிட்டு வெளியே நடந்தேன், அதற்கப்புறம் சபைக்காரர்கள் பல வருஷம் எனக்குக் கச்சேரி தரவில்லை, போகட்டும், சவத்தைத் தள்ளு, என்று நாயகம் சொன்னான், அவனுக்குத் தெரியும், இந்த ஊரில் என்னிடம் அதிகமாய் வசவு வாங்கியவன் அவன்தான், எங்கள் அப்பா நாடகக் கம்பெனிக்கு ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு வருஷத்தில் பாதி நாள் வெளியூர், வீட்டில் நானும் அவனும், அவன் டிராயர் போட்ட வயதில் நான் பாட அவன் தகர டின்னில் தட்டுவான், தப்பினால் கூறுகெட்ட மூதி, எங்கல ஓடுத என்பேன், அவன் டின்னைத் தூக்கி எறிவான், பிறகு அவனே போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவான், பெரிய வித்வானாகி ரேடியோவில் வாசித்துவிட்டு வந்த நாளிலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பான், யக்கா, ரெண்டாவது பாட்டுல நான் கொஞ்சம் அவசரப்பட்டேனோ, கொஞ்சமா, ரயிலைப் பிடிக்கவால போன, என்பேன், அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட உட்காருவான்.

பக்கவாதம் வந்த அந்தக் காலைப்பொழுது இப்போதும் கண்முன்னால் நடக்கிறது, அவன் கூடத்தில் உட்கார்ந்து மிருதங்கத்தின் இடது பக்கத்துத் தொப்பியில் அப்புவதற்காக ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைகிறான், எப்போதும் இடது கையால்தான் பிசைவான், அது ஒரு வழக்கம், நான் அடுக்களையிலிருந்து பார்க்கிறேன், ரவை விரலிடுக்கில் ஒழுகுகிறது, என்னல தண்ணி கூடிப்போச்சா என்கிறேன், அவன் கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அது வேறு யாருடைய கையோ என்பதுபோல் பார்க்கிறான், யக்கா, இது கேக்க மாட்டேங்கு, என்றான், வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி, உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னது, நான் காந்திமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டது, எல்லாம் கலங்கலாய்க் கிடக்கிறது, வீட்டுக்கு வந்த பிறகு பல மாதம் அவன் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான், சத்தத்தை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்ப்பான், மிருதங்கத்தை நான் துணி போட்டு மூடிவைத்தேன், அவன் துணியை எடுக்கவுமில்லை, ஏன் மூடினாய் என்று கேட்கவுமில்லை, ஒரு நாள் நான் சப்பாத்திக்கு மாவு பிசையும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கொஞ்சம் இங்க தள்ளு, என்றான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் சப்பாத்தி, வேண்டாத நாளிலும் சப்பாத்தி, பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுத்தோம், மாவிலிருந்து ரவைக்கு வந்தான், ரவையிலிருந்து தொப்பிக்கு வந்தான், அவன் தட்ட ஆரம்பித்த அன்று நான் பின்வாசலில் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன், உள்ளே வந்து, நல்லா இருக்குல, என்றேன், நல்லா இல்லை, கேட்கச் சகிக்கவில்லை, ஆனாலும் நல்லா இருக்குல என்றேன், அதற்கப்புறம் எத்தனை பிசகினாலும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு, அந்த வார்த்தை என் வாயில் புதிதாய் முளைத்த பல் மாதிரி உறுத்தியது.

சபைச் செயலாளர் குற்றாலிங்கம் வீட்டுக்கு வந்தது போன மாதம், நல்ல மனுஷன் என்று ஊர் சொல்லும், ஊர் யாரைத்தான் சொல்லவில்லை, டீச்சர், நிறைவு நாளுக்கு நம்ம ஊர் ஆளே பாடணும்னு கமிட்டில முடிவு பண்ணியாச்சு, நீங்கதான் பாடுதீங்க, என்றார், வெளியூர்ப் பாடகன் வரமாட்டேன் என்று சொல்லியிருப்பான், அது எனக்குத் தெரியாதா, அப்புறம் குரலை இறக்கி, மிருதங்கத்துக்கு மட்டும் வேற ஒரு பையனைப் போட்டிருவமா, தம்பிக்குச் சிரமம் கொடுக்க வேண்டாம் பாருங்க, என்றார், நாயகம் அடுத்த அறையில்தான் இருந்தான், டிவியில் சத்தம் இல்லை, எல்லாம் கேட்டிருக்கும், நான் சொன்னேன், அவன் வாசிச்சாப் பாடுதேன், இல்லேன்னா உங்க கமிட்டியையே பாடச் சொல்லுங்க, குற்றாலிங்கம் சிரித்தார், அவரை யார் என்ன சொன்னாலும் சிரிப்பார், அது அவருடைய பலம், நோட்டீஸ் வந்தது, நிறைவு நாள் காலை இசையரங்கம், அதைத் தொடர்ந்து மறுவீட்டுச் சொதி விருந்து, சொதி என்ற எழுத்து என் பேரைவிடப் பெரிது, நடுவில் ஒரு படம் வேறு, வாழையிலையும் தேங்காய்ப்பால் குழம்பும், நாயகத்தின் பேரைத் தேடினேன், பக்கவாத்தியம் குழுவினர் என்று போட்டிருந்தது, நான் வாயைத் திறக்குமுன் நாயகம் நோட்டீஸை வாங்கிப் பார்த்துவிட்டு, தனி உண்டா யக்கா, என்று அது ஒன்றை மட்டும் கேட்டான், உண்டு, என்றேன், உண்டுன்னா முழுசா, என்றான், முழுசா, என்றேன், அவன் எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வந்தான், நோய் வந்த பிறகு அவன் தனியாய்த் தெருவில் இறங்கியது அன்றுதான்.

பொன்னாடைக்காரர்கள் ஒருவழியாய் இறங்கினார்கள், நான் ஆரம்பித்தேன், முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, நாயகம் அடக்கி வாசிக்கிறான், இடது கை வந்து வந்து தொட்டுவிட்டுப் போகிறது, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த வயலின் வேலப்பன் நல்ல பிள்ளை, நாயகத்தின் பக்கம் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே வாசிக்கிறான், முன் வரிசையில் இருந்தவர்கள் செல்போனைப் பார்க்கிறார்கள், இரண்டாவது வரிசையில் ஒரு அம்மாள் தொடையில் தாளம் போடுகிறாள், அது இந்த உலகத்தில் எந்தப் பாட்டுக்கும் பொருந்தாத தாளம், நான் காம்போதியை எடுத்தேன், மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தேன், கண்ணை மூடியிருந்தேன், அந்த நிமிஷம் எனக்கு யார் மேலும் கோபமில்லை, அப்போது பின்னாலிருந்து ஒரு சலசலப்பு, வாங்கண்ணாச்சி, வாங்க, வாங்க, சிறப்பு விருந்தினர் செல்வமோகன் வந்துவிட்டார், ஊரிலேயே பெரிய பாத்திரக்கடை அவருடையது, குற்றாலிங்கம் மேடைக்கு ஓடி வந்து மைக்கை என் வாய்க்கு முன்னாலிருந்து அப்படியே திருப்பி எடுத்துக்கொண்டார், ஒரு சிறு இடைவேளை என்றார், ராகம் பாதியில் தொங்குகிறது, நான் வாயை மூடினேன், மூடிக்கொண்டு பல்லைக் கடித்தேன், செல்வமோகன் பேசினார், நான் கலையைப் பற்றிப் பேசத் தகுதியில்லாதவன் என்று ஆரம்பித்தார், அதோடு நிறுத்தியிருந்தால் வாரம் முழுக்கக் கேட்ட பேச்சில் அதுதான் உண்மையான பேச்சு, நிறுத்தவில்லை, எங்க கடையில பாத்திரத்தை எல்லாரும் தட்டிப் பாத்துத்தான் வாங்குவாங்க, ஆனா இந்தத் தபேலாக்காரர் தட்டுனா அது சங்கீதம், என்று நாயகத்தைக் காட்டினார், சபை கைதட்டியது, நாயகம் எழுந்திருக்காமல் கும்பிட்டான், கும்பிடும்போது இடது கை வலது கையைவிடக் கொஞ்சம் தாழ்ந்தே நின்றது.

மறுபடி காம்போதி, அறுந்ததை முடிந்துகொண்டு பாட்டுக்குள் போனேன், ஆதி தாளம், விரிவாய்ப் பாடி ஸ்வரம் முடிக்கும்போது சமையல்கட்டிலிருந்து தேங்காய்ப்பால் வாசம் மண்டபத்துக்குள் வந்துவிட்டது, அதோடு குற்றாலிங்கத்தின் துண்டுச் சீட்டும் வந்தது, தனி வேண்டாம், அண்ணாச்சிக்கு வேறு விழா இருக்கிறது, உடனே மங்களம் பாடவும், மங்களம் பாடிவிட்டால் முடிந்தது, அதற்கப்புறம் மேடையில் ஒரு ஸ்வரம்கூடப் பாடக்கூடாது, யாரும் பாடமாட்டார்கள், அது அவர்களுக்கு நன்றாய்த் தெரியும், கதவை வெளியிலிருந்து பூட்டுவது மாதிரி அதைச் சொல்லித்தான் பாட்டுக்காரர்களை இறக்குவார்கள், நான் சீட்டை நாயகத்துக்குத் தெரியாமல் சுருதிப்பெட்டிக்கு அடியில் தள்ளப் பார்த்தேன், அவன் பார்த்துவிட்டான், சீட்டில் என்ன இருக்கும் என்று மேடையில் இருக்கிற யாருக்கும் வாசிக்காமலே தெரியும், அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மிருதங்கத்தின் வாரைத் தடவிக்கொண்டிருந்தான், எனக்கு உச்சியில் ஏறியது, மைக்கைப் பிடித்துச் சொன்னேன், இப்போ என் தம்பி நெல்லைநாயகம் தனி வாசிப்பான், வேலை இருக்கவங்க போகலாம், நான் சொன்னது பாத்திரக்கடைக்காரரை, புரிந்துகொண்டது மண்டபம், நாற்காலிகள் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன, எப்போதும் நடப்பதுதான், தனி என்றால் இந்த ஊரில் எழுந்திருக்கிற நேரம், இன்றைக்கோ முதல் பந்தி, சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், கலையை வளர்க்க வந்த மொத்தக் கூட்டமும் இலையைப் பிடிக்கப் பாய்ந்தது, வரிசை வரிசையாய் வெற்று நாற்காலி, முதல் வரிசையில் செல்வமோகன் மட்டும் சிறப்பு விருந்தினராய்ப் போனதால் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் குற்றாலிங்கம் சிரித்தபடி, இன்னும் அங்கங்கே சாப்பாட்டு ஆசை இல்லாத சில வயசாளிகள்.

நாயகம் தொடங்கினான், நான் வலது கையைத் தொடையில் போட்டுத் தாளத்தைப் பிடித்துக்கொண்டேன், முதலில் சின்னச் சின்னதாய், இடம்விட்டு இடம்விட்டு, சொல்லும் நிறுத்தமுமாய், பயந்து வாசிக்கிறான் என்றுதான் நினைத்தேன், இல்லை, தேடிக்கொண்டிருந்தான், கொஞ்ச நேரத்தில் தொப்பியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது, ஆழத்திலிருந்து எழும்பி வளைந்து மேலே வருகிற தும், அவனுடைய தும், வேறு எவனுக்கும் வராதது, வேலப்பன் வில்லை மடியில் வைத்துவிட்டு வாயைப் பிளந்தான், வந்துட்டாம்ல, வந்துட்டான், என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன், சாப்பாட்டுக்கூடத்தில் தண்ணீர் டம்ளர் விழுகிற சத்தம், யாரோ அப்பளம் கேட்கிற சத்தம், அது எதுவும் எனக்கு உறைக்கவில்லை, தகர டின்னைத் தட்டுகிறான், ரேடியோவில் வாசிக்கிறான், மாவைப் பிசைகிறான், எல்லாம் இந்தத் தோல்மேல்தான் நடக்கிறது, எத்தனை சந்தோஷமாய் இருந்தது தெரியுமா, இந்த ஊரில் நான் அப்படி ஒருநாளும் இருந்ததில்லை, வேகம் கூடியது, கடைசிக் கோர்வைக்கு வந்தான், ஒரே சொற்கட்டை மூன்று தரம் வாசித்து, முடிகிற இடத்தில் நான் பாட்டை எடுக்க வேண்டும், ஒரு தரம் சுத்தம், இரண்டாம் தரம் சுத்தம், மூன்றாம் தரத்தில் இடது கை ஒரு துளி பிந்தியது, அதை மறைக்க வலது கை ஓடியது, ஓடியதில் ஒரு எண்ணிக்கையை முழுசாய் முழுங்கிவிட்டான், நான் கையை வீச வேண்டிய எண்ணிக்கையில், அடுத்த தட்டு வருவதற்கு முன்பே, அவன் வந்து விழுந்தான், விழுந்த மாத்திரத்தில் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அவன் முகம் அந்தக் காலையில் ரவை ஒழுகும்போது இருந்ததே அப்படி ஆகப் போனது, அதை நான் பார்க்க மாட்டேன், மறுபடி பார்க்க மாட்டேன், வீச வேண்டிய கையைத் திருப்பாமல் தட்டினேன், அந்த இடமே சரியான இடம் என்று பாட்டை எடுத்துக்கொண்டேன்.

கைதட்டல், பாத்திரக்கடைக்காரர் எழுந்து நின்று தட்டினார், குற்றாலிங்கம் தட்டினார், வயசாளிகள் தட்டினார்கள், இலை கிடைக்காமல் திரும்பி வந்த சிலரும் வாசற்படியில் நின்று தட்டினார்கள், வேலப்பன் மட்டும் என்னைப் பார்த்தான், ஒரே ஒரு பார்வை, பிறகு குனிந்து வில்லை எடுத்துக்கொண்டான், களவு என்று எழுந்து போவதற்கு முதல் வரிசையில் என்னைப்போல் ஒரு திமிர் பிடித்தவள் இல்லை, எனக்கு அதில் வந்த நிம்மதியைச் சொன்னால் வெட்கம், வாழ்நாள் முழுக்க எந்தச் செவிட்டுக் கூட்டத்தை வெறுத்தேனோ அந்தக் கூட்டத்தின் காலைத் தொட்டுக் கும்பிடலாம்போல் இருந்தது, நல்ல வேளை உங்களுக்கு ஒரு எழவும் தெரியாது, தெரியாமலே இருங்கள், தட்டுங்கள், நன்றாய்த் தட்டுங்கள், மங்களம் பாடினேன், செல்வமோகன் மேடையேறி நாயகத்தின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார், பிச்சு உதறிட்டீங்க, உடம்புக்கு முடியாம இருந்தீங்கன்னு யாரு நம்புவா, என்றார், நாயகம் தலையை ஆட்டினான், அவன் வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை, உறையை மாட்டினான், யாரையும் தொடவிடாமல் மிருதங்கத்தைத் தானே தூக்கிக்கொண்டு கீழே இறங்கினான், நான் பின்னாலேயே போனேன், நல்லா இருந்ததுல, என்றேன், அவன் திரும்பாமல் சாப்பாட்டுக்கூடத்தைப் பார்த்து நடந்தான்.

இரண்டாம் பந்தியில் உட்கார்ந்தோம், அடுத்தடுத்த இலை, சோறு வைத்தார்கள், துவையல் வைத்தார்கள், எங்களைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாம் நாயகத்தின் தோளைத் தட்டிவிட்டுப் போகிறார்கள், பிரமாதம் அண்ணாச்சி, கலக்கிட்டீங்க, தனியின்போது வறுவலுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள்தான், எந்தக் கூச்சமும் இல்லாமல் தட்டுகிறார்கள், நாயகம் சோற்றில் கை வைக்காமல் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு இலையைப் பார்த்தபடியே, கையை மாத்திட்டேல்லா, என்றான், எந்தக் கை, என்றேன், நடிக்காத யக்கா, என்றான், ஒரு எண்ணிக்கைதானல, யாருக்குத் தெரியப் போகுது, என்றேன், இந்தப் பேச்சை நான்தான் பேசினேன், குற்றாலிங்கம் பேச வேண்டிய பேச்சை, அவன் திரும்பிப் பார்த்தான், இந்த மண்டபத்துல எவனுக்கும் தெரியாது, எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், ஊர்ல ஒருத்தரை விட்டுவைக்கியா நீ, பட்டிமன்றக்காரனை வையுத, புஸ்தகக்காரனை வையுத, குத்தாலிங்கத்தை வையுத, அந்தப் பாத்திரக்கடைக்காரர் என்ன பாவம் பண்ணுனாரு, அவரையும் வையுத, என்னைய மட்டும் ஒரு வருஷமா நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு தடவிக்கொடுக்க, ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன், என்றான், செத்தவங்களைத்தான் யக்கா யாரும் வைய மாட்டாங்க, என்றான், அவன் இடது கை இலைக்கு ஓரத்தில் மேசைமேல் குப்புறக் கிடந்தது, வைய்யி, என்னைய வைய்யி, என்றான்.

நான் வாயைத் திறந்தேன், ஒரு வருஷமாய்ப் பூட்டிவைத்த வாய், கூறுகெட்ட மூதி, என்றேன், மூணாவது தரத்துல எங்கல ஓடுன, எவன்ல உன்னைய விரட்டுனான், இடது கை பிந்துனாப் பிந்தட்டும், வலது கைக்கு என்னல அவசரம், முதல் பந்திக்கு நீயும் ஓடுனியோ, ஒரு எண்ணிக்கையை முழுசா முழுங்கிட்டு மூஞ்சைப் பாரு, கோர்வை போடத் தெரியலைன்னா சின்னதாப் போட்டு முடிக்க வேண்டியதுதான, எவன் கேட்டான் உங்கிட்டப் பெருசு, நாளைக்குக் காலையில ஒக்காருத, விளம்ப காலத்துல, மெதுவா, நூறு தரம் வாசிக்க, நான் தாளம் போடுதேன், ஒரு தரம் பிசகட்டும், சப்பாத்திக் கட்டையாலேயே மண்டையைப் பொளக்கேன் பாரு, சத்தம் கூடிப்போயிருக்க வேண்டும், பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்தது, சொதி வாளியோடு வந்தவர் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டார், என்ன டீச்சர், என்ன பிரச்சினை, தம்பி அருமையாத்தான வாசிச்சாரு, என்று குற்றாலிங்கம் ஓடி வருகிறார், உங்க சோலியைப் பாருங்க, இது எங்க பேச்சு, என்று அவரை விரட்டிவிட்டு நான் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஆரம்பிக்கிறேன், கண்ணீர் அதுபாட்டுக்கு வழிகிறது, துடைக்கவில்லை, நாயகம், ஆமா, ஆமா, ஓடித்தான் போயிட்டேன், என்று தலையை ஆட்டிக்கொண்டே, சொதி வாளிக்காரரைப் பார்த்து, ஊத்துங்கண்ணாச்சி, அவ இப்போதைக்கு நிறுத்த மாட்டா, என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான்.